விதியைத் தமிழில் சொல்லுங்கள், நேர்வழியைத் திறந்து வையுங்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியத்தின் (செபி) தலைவர், முழுநேர உறுப்பினர்கள், சென்னையில் உள்ள தென்மண்டல அலுவலகத்தினர் ஆகியோருக்கு,

2025 ஜனவரி 29 அன்று நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கிறது. முதலீட்டுக் கல்வி மட்டும் தருகிறவர், முந்தைய மூன்று மாத விலைத் தரவைக் கொண்டு, எந்தப் பங்கின் பெயரையும், அதற்கு வைத்த சங்கேதப் பெயரையும்கூட, பேச்சிலோ வீடியோவிலோ திரையிலோ காட்டி, வருங்கால விலையையோ பரிந்துரையையோ உணர்த்தக் கூடாது என்பது அதன் சாரம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கல்வி தருகிறவர் அண்மை விலையை வாயில் எடுப்பதே தவறு என்று ஒருவர் படிக்கிறார். அண்மை விலையைக் காட்டி "இது ஏறும், வாங்குங்கள்" என்பதுதான் தவறு என்று இன்னொருவர் படிக்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கப் போனால், தமிழில் அந்தச் சுற்றறிக்கையே இல்லை. ஆங்கிலத்தில் படித்துப் பொருள் கொள்ளும் வேலை ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியாக விழுகிறது.

தமிழில் பங்குச் சந்தை, பரஸ்பர நிதி, சேமிப்பு, கடன் பற்றி வீடியோவும் பாட்காஸ்ட்டும் எழுத்தும் தருகிறவர்களும், இதையே தொழிலாக எடுக்க நினைக்கும் பட்டதாரிகளும் பேச வேண்டியதை இந்த மடலில் எழுதுகிறோம். உங்கள் நோக்கத்தோடு எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் உங்கள் ஆய்வே சொன்னது. 2023 அக்டோபரில், 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பங்குப் பயிற்சி நடத்தியவர் மீதான வழக்கில் 17 கோடி ரூபாய்க்கு மேல் முடக்க உத்தரவிட்டீர்கள். கல்வி என்ற பெயரில் டிப்ஸ் விற்ற கடைகளை மூடியது சரியான காரியம். ஆனால் கெட்ட கடையை மூடிய கையோடு, நேர்மையாகக் கடை வைக்க வருகிறவனுக்கு வாசல் எது என்று காட்டவில்லை. எங்கள் குறை இதுதான்.

விலைத் தரவில் விட வேண்டிய மூன்று மாத இடைவெளி பற்றி முதலில் பேசுகிறோம். ஆண்டின் கடைசிக் காலாண்டைத் தவிர மற்றவற்றில், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் பட்டியலிட்ட நிறுவனங்கள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது உங்கள் விதி. ஜூன் காலாண்டின் முடிவு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருகிறது என்று கொள்வோம். மூன்று மாதம் பின்னால் போனால் மே முதல் வாரத்து விலைதான் கையில் இருக்கும். ஒரு பங்கின் ஆண்டு ஈபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்) 20 ரூபாயாக இருந்தபோது விலை 400. பிஇ விகிதம், அதாவது விலையை ஈபிஎஸ்ஸால் வகுத்தால் வருவது, 20. லாபம் பாதியாகி ஈபிஎஸ் 10 ரூபாய்க்கு வருகிறது, விலையும் 220-க்கு இறங்குகிறது. உண்மையான பிஇ 22. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் 400-ஐ 10-ஆல் வகுத்து 40 வரும். அந்தப் பங்கு தாங்க முடியாத விலையில் இருப்பதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். விதியை மதித்த ஆசிரியர் தவறான பாடம் நடத்தியவர் ஆகிவிடுகிறார். போனஸ் பங்குக்கும் இதே கதைதான். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த பின் 800 ரூபாய்ப் பங்கு 400-க்கு வருவதைப் பார்த்து "பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று ஓடுகிறவர்களுக்கு, அது சரிவே இல்லை என்று விளக்க வேண்டிய நாள் போனஸுக்கு ஏற்ப விலை மாறும் அந்த எக்ஸ்-தேதிதான். மூன்று மாதம் கழித்து விளக்கி என்ன பயன்? புதிதாகப் பட்டியலாகிய நிறுவனத்துக்கோ மூன்று மாதத்துக்கு முந்தைய சந்தை விலை என்ற ஒன்றே கிடையாது.

எல்லா இடத்திலும் இந்த இடைவெளி தீங்கு என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆப்ஷன் எப்படி வேலை செய்கிறது, தீட்டா என்ற கால இழப்பு தினமும் பிரீமியத்தை (ஆப்ஷனின் விலையை) எப்படிக் கரைக்கிறது என்று சொல்லித்தர, காலாவதியான பழைய ஒப்பந்தம் போதும். அதுதான் நல்லதும்கூட. நேரலையில் ஆர்டர் போட்டுக் காட்டுவதால் யாரும் எதையும் கற்பதில்லை. பார்ப்பவர் அதே ஆப்ஷனை அதே நிமிடம் வாங்குகிறார், அவ்வளவுதான். எஃப் அண்ட் ஓ போன்ற டெரிவேட்டிவில் இடைவெளியை நீட்டினாலும் நாங்கள் எதிர்க்க மாட்டோம். நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்ட முடிவை, அன்றைய இறுதி விலையோடு சேர்த்து, "வாங்குங்கள்", "விற்றுவிடுங்கள்" என்ற சொல் இல்லாமல் விளக்குவதை இதோடு சேர்க்காதீர்கள் என்பதே எங்கள் வாதம். இடைவெளி மூன்று மாதமோ முப்பது நாளோ, நாளைக் கூட்டிக் குறைப்பதால் இந்தக் குழப்பம் தீராது. அந்த வாக்கியத்தின் முதல் பாதி தனியாக நிற்கிறதா, கடைசிப் பகுதியோடு சேர்ந்துதான் நிற்கிறதா என்பதை நீங்கள் எழுத்தில் சொன்னால் தீரும்.

அடுத்தது வருமானம். 2024 ஆகஸ்டில் இடைத்தரகர் ஒழுங்குமுறையைத் திருத்தி, பதிவு இல்லாமல் பரிந்துரை செய்கிறவர்களோடும், லாபம் இவ்வளவு வரும் என்று சொல்கிறவர்களோடும் பதிவு பெற்ற நிறுவனங்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்றீர்கள். பணப் பரிமாற்றம், வாடிக்கையாளரை அனுப்புதல், கணினி அமைப்புகளை இணைத்தல் எல்லாம் அந்தத் தொடர்பில் அடங்கும். அதே திருத்தம் இந்த இரண்டையும் செய்யாத கல்வியாளர்களுக்கு விலக்கு தருகிறது. காகிதத்தில் அந்த விலக்கு இருக்கிறது. நடப்பில் என்ன ஆகிறது என்றால், தரகு நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஒவ்வொரு சேனலையும் உட்கார்ந்து பார்த்து, இது கல்வி, இது பரிந்துரை என்று பிரித்துக்கொண்டிருப்பதில்லை. தவறினால் தன் உரிமத்துக்கு ஆபத்து. அதனால் மொத்தமாகவே வேண்டாம் என்று விலகிவிடுவது அவர்களுக்குச் சுலபம். விதி அவர்களுக்கு எழுதப்பட்டது, விளைவு எங்கள் மேல் இறங்குகிறது.

ஸ்பான்சர் இல்லாத வெற்றிடம் காலியாக இருப்பதில்லை. உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்கள் அதில் வந்து உட்காருகிறார்கள்: வெளிநாட்டில் பதிவு செய்து, இந்தியாவில் அனுமதி பெறாமல் அந்நியச் செலாவணி வர்த்தகம் நடத்தும் ஆப்கள், பெயர் தெரியாத கிரிப்டோ தளங்கள். இத்தகைய அந்நியச் செலாவணித் தளங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2022 முதல் எச்சரிக்கைப் பட்டியலே வைத்திருக்கிறது. அவர்கள் தருவது கணக்குக்கு இவ்வளவு, டெபாசிட்டுக்கு இவ்வளவு என்ற ரொக்கம். அவர்கள் பதிவு பெற்ற இடைத்தரகர்கள் இல்லாததால், உங்கள் தொடர்புத் தடை அவர்களைத் தொடுவதே இல்லை. முறையான தரகரின் விளம்பரத்தை ஏற்க முடியாத இளைஞர் முறையற்ற ஆப்பின் விளம்பரத்தை ஏற்றால் மாதச் செலவு ஓடிவிடுகிறது. இந்தத் தலைகீழ் நிலையை நீங்கள் விரும்பியிருக்க முடியாது என்று நம்புகிறோம்.

நேர்வழியில் போகிறவரின் கணக்கையும் பாருங்கள். ஒருவர் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வு எழுதி, பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்கி, பரஸ்பர நிதி விநியோகஸ்தர் ஆகிறார். வீடியோவைப் பார்த்து 50 குடும்பங்கள் அவரிடம் வருகின்றன. ஒவ்வொன்றும் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு). முதலீட்டு இருப்பின் மீது அவருக்குத் தரப்படும் டிரெயில் கமிஷன் ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சேர்வது இரண்டரை லட்சம், ஆண்டு முடிவில் 30 லட்சம். ஆனால் முதல் ஆண்டின் சராசரி இருப்பு 16 லட்சத்துச் சொச்சம்தான். சந்தை ஏறாமல் இறங்காமல் இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13,000 ரூபாய். பொறுத்திருப்பவருக்கு ஐந்தாறு ஆண்டுகளில் இது நல்ல தொழில். அந்த ஐந்தாறு ஆண்டை எதைத் தின்று தாண்டுவது என்பதுதான் கேள்வி.

பங்குகளைப் பரிந்துரைக்கும் ஆய்வாளராகப் (ரிசர்ச் அனலிஸ்ட்) பதிவு செய்வது இன்னொரு வழி. 2024 டிசம்பர் திருத்தத்தில் முன் அனுபவம் வேண்டும் என்பதை எடுத்தீர்கள், நிகர மதிப்பு நிபந்தனையை எடுத்து வைப்புத்தொகை வைத்தீர்கள். 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம், 300 வரை 2 லட்சம், 1,000 வரை 5 லட்சம், அதற்கு மேல் 10 லட்சம். பகுதிநேரமாகவும் செய்யலாம் என்றீர்கள். இதற்கு நாங்கள் மனமார நன்றி சொல்கிறோம், பல பேருக்குக் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் போனவர் எதில் தடுக்கி விழுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்ஐஎஸ்எம் 15-ஆம் வரிசைத் தேர்வில் தேறி, ஆய்வாளர்களுக்கான மேற்பார்வை அமைப்பாக நீங்கள் அறிவித்த மும்பைப் பங்குச் சந்தையிடம் பெயர் பதிந்து, வைப்புத்தொகையை அந்த அமைப்பின் பேரில் கட்டுவது வரை பாதை தெளிவாகவே இருக்கிறது. பதிவு எண் வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கேஒய்சி, விதிமுறைகளுக்கு அவர் தந்த சம்மதத்தின் பதிவு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணம் எழுதிய கோப்பு, பரிந்துரை குறித்த உரையாடல்களின் பதிவு, அவற்றை ஐந்து ஆண்டு காத்தல், இணையதளத்தில் புகார் விவரம், ஆண்டுதோறும் தணிக்கை. பரிந்துரைக்கும் பங்கில் 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் ஆய்வாளர் வர்த்தகம் செய்யக் கூடாது. இதில் எதையும் தேவையற்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கடைசியாகச் சொன்ன வர்த்தகத் தடை, ஆய்வாளர் தான் முதலில் வாங்கிவிட்டு பிறகு கூட்டத்தை வாங்க வைப்பதைத் தடுக்கும் முதுகெலும்பு. அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் 120 பேரிடம் மாதம் 500 ரூபாய் வாங்கி, ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ஈட்டும் தனிநபருக்கும், ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்துக்கும் காகித வேலை கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு ஆளை வைக்கிறது. தனி ஆள் ஆய்வு செய்யும் நேரத்தை எடுத்து இதற்குக் கொடுக்கிறார். நடுவில் ஏதாவது ஒன்று விடுபடுகிறது. பெரும்பாலும் காரணம் எழுதிய கோப்புதான். பரிந்துரை வெளியாகி, பிறகு நேரம் கிடைக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டு, தணிக்கை வரும்போது தேதி ஒத்துப்போகாமல் நிற்கும்.

பதிவு செய்யவே போகாதவர்களில் பலர் எந்தப் பதிவு என்று தெரியாதவர்கள். ஒரே ஆள் ஒரே வீடியோவில் பேசும் வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். "எஸ்ஐபி என்றால் என்ன" என்று விளக்கப் பதிவு எதுவும் வேண்டாம். "கீழே உள்ள என் லிங்க்கில் இந்த ஃபண்டில் போடுங்கள்" என்றால் ஏஆர்என் வேண்டும். "என் லிங்க்கில் டீமேட் கணக்குத் திறங்கள்" என்று சொல்லித் தரகுக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெற்றால், அந்தத் தரகரின் அங்கீகரிக்கப்பட்ட நபராகப் பங்குச் சந்தையில் பதிந்திருக்க வேண்டும். "இந்தப் பங்கை இந்த விலைக்குள் வாங்கலாம்" என்றால் ஆய்வாளர் பதிவு. "உங்கள் சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளையின் வயது சொல்லுங்கள், எதில் எவ்வளவு என்று பிரித்துத் தருகிறேன்" என்று கட்டணம் வாங்கினால் முதலீட்டு ஆலோசகர் பதிவு. தனிநபர் ஆலோசகராக இருந்தால் விநியோகஸ்தராகவும் இருக்க முடியாது. பத்து நிமிட வீடியோவில் ஐந்து வாக்கியம், நான்கு வெவ்வேறு பதிவுகள். இந்த ஒரு பக்க அட்டவணை உங்கள் முத்திரையோடு தமிழில் இருந்திருந்தால், தெரியாமல் கோட்டைத் தாண்டிய பலர் தாண்டியிருக்க மாட்டார்கள். நாங்கள் இதை எங்கள் வீடியோக்களில் சொல்லலாம், சொல்லியும் வருகிறோம். ஆனால் விதியின் பொருளைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கிறது. சந்தேகம் கேட்கவென்று நீங்கள் வைத்திருக்கும் முறைசாரா வழிகாட்டுதல் திட்டமும் பதிவு பெற்ற இடைத்தரகர்கள், பட்டியலிட்ட நிறுவனங்கள் போன்றவர்களை மனதில் வைத்து அமைந்தது. பதிவு செய்யலாமா என்று யோசிக்கும் நிலையில் இருக்கும் ஒரு பி.காம் பட்டதாரி அந்த வாசலில் நிற்கவே முடியாது.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோசடி நடக்கும் விதம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ் நிதி சேனல் ஒன்றின் படமும் பெயரும் திருடப்படுகிறது, பெயரில் ஒரு எழுத்தோ புள்ளியோ மட்டும் மாறும். உண்மையான வீடியோவின் கருத்துப் பகுதியிலேயே அந்தப் போலிக் கணக்கு ஒரு எண்ணைப் போடும். எண்ணைத் தொட்டால் வாட்ஸ்அப் குழு. குழுவில் இருக்கும் பலரும் மோசடிக்காரரின் ஆட்களே, தினமும் லாப ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். பிறகு ஒரு ஆப் வரும், அதில் பணம் பெருகுவது போல எண் ஓடும். முதல் முறை சிறு தொகையை எடுக்க விடுவார்கள், நம்பிக்கை வருவதற்காக. பெரிய தொகையை எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு என்பார்கள். எந்த வரியும் அப்படி ஒரு ஆப்புக்குள் கட்டப்படுவதில்லை என்று தெரிந்தவர் அந்த இடத்தில் நிற்பார், தெரியாதவர் கடன் வாங்கியும் கட்டுவார். பணம் போனவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கலாம். ஆனால் பெயர் திருடப்பட்டவர் பணம் போவதற்கு முன்பே அதை நிறுத்த எங்கே அழைப்பது? சமூக ஊடகத் தளங்களில் புகார் கொடுத்தால் இயந்திரப் பதில் வருகிறது, போலிக் கணக்கு ஒரு வாரம் ஓடிவிட்டுத் தானே பெயர் மாற்றிக்கொள்கிறது. பதிவு பெற்றவர்களின் வங்கிக் கணக்கு, யூபிஐ விவரங்களைச் சரிபார்க்க 'செபி செக்' வசதியும், இடைத்தரகர்களுக்குத் தனி யூபிஐ முகவரியும் 2025 அக்டோபரிலிருந்து கொண்டுவந்தீர்கள். நல்ல ஏற்பாடு. பணம் வாங்காத, கல்வி மட்டும் தருகிற ஒருவரின் பெயரில் நடக்கும் மோசடிக்கு அதில் பதில் இல்லை.

சந்தை அபாயம் பற்றிய எச்சரிக்கை பல தமிழ் வீடியோக்களில் ஆங்கில எழுத்தில், திரையின் அடியில், படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. யாருக்காக எச்சரிக்கையோ அவருக்கு அது சென்று சேரவில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

2025 ஜனவரி 29 சுற்றறிக்கையின் அந்த வாக்கியத்துக்குக் கூடும், கூடாது என்ற எடுத்துக்காட்டுகளோடு விளக்கம் வெளியிடுங்கள். குறைந்தது நான்கு சூழலுக்குப் பதில் வேண்டும்: காலாண்டு முடிவை அன்றைய இறுதி விலையோடு விளக்குதல், போனஸ் மற்றும் பங்குப் பிரிப்பின்போது விலை சரிசெய்யப்படுவதைக் காட்டுதல், மூன்று மாதம் ஆகாத புதிய பங்கின் ஆவணத்தைப் படித்துக் காட்டுதல், பரஸ்பர நிதியின் அன்றாட என்ஏவியை (ஒரு யூனிட்டின் மதிப்பை) சொல்லுதல். டெரிவேட்டிவுக்குத் தனியாகக் கடுமையான இடைவெளி வையுங்கள்.

கல்வி தருகிறவர்களைத் தொடும் சுற்றறிக்கைகள், கேள்வி-பதில்கள், மேலே சொன்ன பதிவு அட்டவணை ஆகியவை ஆங்கிலத்தில் வரும் அதே நாளில் தமிழிலும் வர வேண்டும். பிற இந்திய மொழிகளுக்கும் இது பொருந்தும்.

கல்வியாளருக்கு எளிய பெயர்ப்பதிவு ஒன்றை ஏற்படுத்துங்கள். முதலீட்டாளர் கல்விக்காக 'ஸ்மார்ட்' என்ற பயிற்றுநர் பட்டியலை ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள், அதையே இணையத்தில் கற்பிப்பவர்களுக்கும் விரிக்கலாம். தேர்வு வையுங்கள், பரிந்துரை செய்தால் பெயரை நீக்குங்கள். அந்த எண் இருப்பவருக்கு விளம்பரம் தரலாம் என்று தரகர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். சட்டப் பிரிவின் பயம் அப்போதுதான் விலகும். 'செபி செக்' போலவே அந்த எண்ணையும் பொதுமக்கள் தேடிப் பார்க்க முடிய வேண்டும்.

150 வாடிக்கையாளருக்குள் இருக்கும் தனிநபர் ஆய்வாளர்களுக்குப் பதிவேடு, சம்மதப் படிவம், காரணக் கோப்பு ஆகியவற்றின் மாதிரிகளை மேற்பார்வை அமைப்பு இலவசமாகத் தரட்டும், தமிழில் நிரப்பவும் அனுமதிக்கட்டும். தணிக்கையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நேரிலும், மற்ற ஆண்டுகளில் சுய அறிக்கையாகவும் வைக்கலாம். வர்த்தகத் தடையைத் தளர்த்தாதீர்கள்.

முறைசாரா வழிகாட்டுதலைப் பதிவு செய்யாத கல்வியாளர்களும், மாணவர் கட்டக்கூடிய கட்டணத்தில் கேட்கும்படி திறந்துவிடுங்கள். உங்கள் 'ஸ்கோர்ஸ்' புகார்த் தளத்தில் வரும் புகாருக்கு 21 நாளில் பதில் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறீர்கள். எங்கள் கேள்விக்கும் அதே 21 நாள் கெடுவை உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

போலிக் கணக்குகளை முடக்க, தளங்களோடு பேசி, பெயர்ப்பதிவு எண் காட்டிப் புகார் தருகிறவருக்கு 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கும் தனி வழியை உண்டாக்குங்கள். அனுமதியற்ற வெளிநாட்டு ஆப்களின் விளம்பரத்தை ஏற்பவர்கள்மீது ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து நடவடிக்கை எடுங்கள், எடுத்ததைப் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை வாசகம் வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில், குரலில், வீடியோவின் தொடக்கத்திலேயே வர வேண்டும் என்று விதியுங்கள்.

இவற்றைப் பேச, சென்னை தென்மண்டல அலுவலகத்தில் தமிழில் கல்வி தருகிறவர்கள், சிறு ஆய்வாளர்கள், விநியோகஸ்தர்களை அழைத்து ஒரு கலந்தாய்வு நடத்துங்கள். கூட்டத்தின் குறிப்பைத் தமிழில் வெளியிடுங்கள். 60 நாட்களுக்குள் தேதி அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அட்டவணையின் வரைவை நாங்களே எழுதிக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தமிழில் நிதிக் கல்வி தருகிறவர்களும் அதைத் தொழிலாக ஏற்க நினைப்பவர்களும்